பேஸ் ஆம்பில் இரைச்சலைக் கண்டறிந்து நீக்குவதும் தொனியை அமைப்பதும்

பேஸ் கித்தார் வாசிப்பவர்கள் தங்கள் ஆம்பைப் பற்றிச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுக்குள் அடங்கிவிடும். வாசிக்காத நேரத்திலும் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கிறது என்பது ஒன்று. வீட்டில் நன்றாகக் கேட்ட தொனி மேடையில் குழம்பிவிடுகிறது என்பது மற்றொன்று. இவற்றைத் தொடர்பில்லாத இரு குறைகளாகக் கருதி, முதலாவதற்கு ஒரு நாய்ஸ் கேட் பெடலும் (மெல்லிய ஒலியை அடைத்துவிடும் காற்கருவி) இரண்டாவதற்குப் புதிய ஆம்பும் வாங்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஆம்ப் தன்னிடம் வந்து சேரும் எதையும் பெருக்கித் தரும் கருவி. சுரம் எது, இரைச்சல் எது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. தொனிக்காக நாம் திருப்பும் ஒவ்வொரு குமிழும் ஏதோ ஓர் இரைச்சலையும் கூடவே ஏற்றவோ இறக்கவோ செய்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே பாதையில் வைத்துப் பார்ப்பதே சரி என்பது என் கருத்து: இரைச்சலை ஸ்பீக்கரில் தொடங்கித் தந்தி வரை பின்னோக்கித் தேட வேண்டும், தொனியைத் தந்தியில் தொடங்கி ஸ்பீக்கர் வரை முன்னோக்கி அமைக்க வேண்டும்.

எந்த இரைச்சல் என்று முதலில் காதால் அறிதல்

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரத்தின் அலைவெண் 49 ஹெர்ட்ஸ். அதாவது மின்சாரத்தின் உறுமல் அந்த ஜி-யைவிட அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே உயர்ந்திருக்கிறது. அதைப் போலவே, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போது எஞ்சும் 100 ஹெர்ட்ஸ் அலை, எதையும் அழுத்தாமல் மீட்டும் ஜி தந்தியின் 98 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் நிற்கிறது. கருவியைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு இந்த இரு ஜி-க்களையும் மெதுவாக ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். கீழ் ஜி-யோடு சேரும்போது ஒலி நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் 50 ஹெர்ட்ஸும், மேல் ஜி-யோடு நொடிக்கு இருமுறை ஏறி இறங்கினால் 100 ஹெர்ட்ஸும் உங்கள் ஆம்பில் இருக்கின்றன என்று கொள்ளலாம். அமெரிக்கர்கள் எழுதிய குறிப்புகளில் 60, 120 என்ற எண்கள் வருவதற்குக் காரணம் அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதே. அந்த எண்களை நாம் அப்படியே எடுத்துக்கொண்டு ஈக்யூவை (அலைவெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் குமிழ்களை) திருப்பினால் பயன் இருக்காது. நம் ஊர் உறுமல் ஜி மேஜர் பாட்டில் ஓரளவு ஒளிந்துகொள்ளும் என்பதும், பாடகருக்காக அரைச்சுரம் ஏற்றியதும் அதே உறுமல் திடீரென்று துருத்திக்கொண்டு தெரியும் என்பதும் கவனித்துப் பார்த்தால் விளங்கும்.

மழுங்கலான 50 ஹெர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச்சுருள்) அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ, எர்த் இணைப்பில் ஏற்பட்ட சுற்றுப்பாதையிலிருந்தோ வருகிறது. கூர்மையான, கொரகொரப்பான ரீங்காரம் விளக்கு டிம்மர், ட்யூப் லைட் சோக், மலிவான எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றைச் சுட்டுகிறது. உஸ்ஸென்ற சீறல் மின்கம்பியிலிருந்து வருவதன்று. அது முன்பெருக்கிச் சுற்றுகளின் இயல்பான இரைச்சல், கெயினும் (உள்ளீட்டைப் பெருக்கும் குமிழ்) ட்ரெபிளும் (மேல்சுரக் குமிழ்) ஏற ஏற அதுவும் ஏறும். குமிழைத் திருப்பும்போதோ கேபிளை அசைக்கும்போதோ எழும் கரகரப்பு, அழுக்கேறிய அல்லது தளர்ந்த இணைப்பின் அடையாளம். இவற்றோடு, மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத அதிர்வுகளும் உண்டு: பெட்டியின் கைப்பிடி, முன்வலை, தளர்ந்த திருகு, பக்கத்திலிருக்கும் ஸ்னேர் டிரம். ஒரு குறிப்பிட்ட சுரத்துக்கு மட்டும் கேட்கும் இரைச்சல் அநேகமாக இந்தக் கடைசி வகையே.

பின்னோக்கித் தேடும் முறை

ஆம்பில் எதையும் செருகாமல், இறுதிச் சத்தத்தை அமைக்கும் மாஸ்டர் குமிழை முழுதும் மூடி, ஸ்விட்சைப் போடுங்கள். ஸ்பீக்கரின் அருகே காதை வைத்தால் கேட்கும் மிக மெல்லிய ஒலி இயல்பானது. கிளாஸ் டி வகை ஆம்ப்களில் விசிறியின் ஒலியும் இருக்கும். அதைக் குறையாகக் கருத வேண்டாம், விசிறியை நிறுத்த வழி தேடவும் வேண்டாம். மாஸ்டர் மூடிய நிலையிலும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் அறையின் மறுமுனை வரை கேட்கிறது என்றால், பழுது ஆம்பின் மின்வழங்கும் பகுதியில் இருக்கிறது. பழைய ஆம்ப்களில் ஃபில்டர் கபாசிட்டர்கள் வறண்டு போவதே இதற்கு முதற்காரணம். இந்த வேலையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். 1969-இல் வெளிவந்த ஆம்பெக் எஸ்.வி.டி. போன்ற வால்வு ஆம்ப் 14 வால்வுகளைக் கொண்டு 300 வாட் தருவதற்கு உள்ளே 600 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத்தைச் சுமந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கபாசிட்டர்களில் தங்கியிருக்கக்கூடும். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் சோதிப்பதும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடலாம்.

மாஸ்டர் மூடியிருக்கும்போது அமைதி நிலவினால், கெயினை மூடியபடி மாஸ்டரை ஏற்றிப் பாருங்கள். பிறகு கெயினை ஏற்றுங்கள். எந்தக் குமிழ் இரைச்சலைக் கொண்டுவருகிறதோ அதற்கு முந்தைய பகுதியில்தான் அது பிறக்கிறது. இங்கே பலர் தவறவிடும் இடம் எஃபெக்ட்ஸ் லூப், அதாவது பெடல்களை ஆம்பின் நடுவே இணைக்கும் செண்ட், ரிட்டர்ன் என்ற இரு ஜாக்குகள். அதன் ரிட்டர்ன் ஜாக்கில் உள்ள சிறிய தொடுமுனை களிம்பு பிடித்துப்போனால், ஒலி விட்டுவிட்டு வரும், கரகரக்கும், சில வேளை முற்றிலும் அடங்கிவிடும். செண்டுக்கும் ரிட்டர்னுக்கும் இடையே ஒரு சிறு கேபிளைச் செருகியதும் எல்லாம் சரியாகிவிட்டால், பழுது அந்தத் தொடுமுனையில்தான். கான்டாக்ட் கிளீனர் போதும்.

அடுத்தது கேபிள். கேபிளின் மறுமுனையைத் தொங்கவிட்டுச் சோதித்தால் எந்த நல்ல கேபிளும் இரையும். அது ஒன்றையும் நிரூபிக்காது. பாஸிவ் பேஸைச் (உள்ளே பேட்டரிச் சுற்று இல்லாத பேஸ்) செருகி அதன் வால்யூமை முழுதும் மூடுங்கள். இந்த நிலையில் கேபிளின் உள்கம்பி பேஸுக்குள்ளேயே எர்த்தோடு இணைந்துவிடுகிறது. எனவே இப்போதும் இரைச்சல் கேட்டால் பிக்கப்பைக் குறைகூற முடியாது. பழுது கேபிளிலோ ஆம்பிலோதான். வால்யூமைத் திறந்ததும் இரைச்சல் வருகிறது என்றால், நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் ஏறி மற்றொரு திசையில் ஏறத்தாழ மறைந்துவிடும் இரைச்சல் காந்தப்புலத்தால் வருவது. திசை மாறியும் மாறாமல், தந்தியைத் தொட்டதும் குறைவது மின்புலத்தால் வருவது. அதற்குத் தீர்வு கருவியின் உட்குழிக்கு உறை இடுவது. தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை, ஆனால் கேபிள் முனையின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்கு (தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) செல்லும் எர்த் கம்பி அறுந்திருக்கிறது. சில ஆக்டிவ் பிக்கப்களில் அந்தக் கம்பியே இருக்காது என்பதால், அவ்வகைக் கருவிகளில் இந்தக் கடைசிச் சோதனைக்குப் பொருளில்லை.

பிக்கப்பின் வகையை அறிந்து வைத்திருந்தால் தேடல் எளிதாகும். 1957-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு வந்த இரட்டைப் பிரிவுப் பிக்கப்பில் இரு சுருள்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் உறுமல் தானாகவே ரத்தாகிறது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச்சுருள் பிக்கப்கள் இருக்கின்றன. இரு வால்யூம்களும் சமமாகத் திறந்திருக்கும்போது மட்டும் அவை ஒன்றின் உறுமலை மற்றொன்று அழிக்கும். பின்பிக்கப்பின் தொனி பிடித்துப்போய் முன்பிக்கப்பைச் சற்றே குறைத்தவுடன் உறுமல் தலைகாட்டுவது கருவியின் பழுதன்று, அதன் அமைப்பு. அந்தத் தொனி வேண்டும், உறுமல் வேண்டாம் என்பவர்கள் அதே வடிவில் கிடைக்கும் உறுமல் நீக்கும் பிக்கப்களுக்கு மாறுவதே வழி.

எர்த்

இந்தப் பகுதியைச் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம், இங்கே நேரும் தவறு காதோடு நிற்காமல் உயிருக்கும் தீங்கு விளைவிக்கும் என்பதே. மூன்று முனைப் பிளக்கில் தடித்து நீண்ட முனை எர்த். அதைப் பிடுங்கிவிட்டால் அல்லது எர்த் இல்லாத இணைப்பில் செருகினால் உறுமல் அடங்கிவிடும் என்று மேடைகளில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். சில வேளைகளில் அடங்கவும் செய்யும். ஆனால் அதன்பின் ஆம்புக்குள் ஏதேனும் ஒரு பேஸ் கம்பி (மின்சாரம் வரும் கம்பி, நம் கருவியோடு அதற்குப் பெயர்ப்பொருத்தம் மட்டுமே) உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரம் கேபிளின் வழியாகத் தந்திகளுக்கு வந்துவிடும். தந்தியில் கையும் மைக்கில் உதடும் படும் தருணத்தில் சுற்று நிறைவடைகிறது. ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் வேல்ஸின் சுவான்சி நகரில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

கல்யாண மண்டபத்திலோ ஜெனரேட்டரில் ஓடும் திறந்தவெளி மேடையிலோ வாசிக்கும்போது, பிளக்கைச் செருகுவதற்கு முன் எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரால் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே அளவு இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கடைசி அளவு பத்துக் கணக்கில் ஏறியிருந்தால் அந்த இணைப்பில் வாசிக்க மறுப்பதற்கு உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

எர்த் சரியாக இருந்தும் உறுமல் வருவதற்கான பொதுவான காரணம் எர்த் சுற்றுப்பாதை. ஆம்ப் தன் பிளக்கின் வழியாக ஒருமுறை எர்த்தை அடைகிறது, அதன் டி.ஐ. வெளியீட்டிலிருந்து (சிக்னலை நேராக வெளியே அனுப்பும் ஜாக்) மிக்சருக்குச் செல்லும் கேபிளின் உறை வழியாக, மண்டபத்தின் மறுகோடியிலுள்ள மற்றோர் எர்த்தையும் அடைகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு அந்த உறையில் மின்னோட்டமாகி உறுமலாகக் கேட்கிறது. ஆம்பின் பின்புறத்தில் டி.ஐ. வெளியீட்டுக்கு அருகில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற ஸ்விட்ச் இருப்பது இதற்காகவே: அது சிக்னல் கேபிளின் எர்த்தைத்தான் துண்டிக்கிறது, பிளக்கின் எர்த்தை அன்று. அந்த ஸ்விட்ச் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டி.ஐ. பாக்ஸ் அதே வேலையைச் செய்யும். ஆம்ப், பெடல்கள், கீபோர்டு ஆகியவற்றை ஒரே மின்பலகையிலிருந்து எடுப்பதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். லேப்டாப்போடு இணைத்து வாசிப்பவர்கள் சார்ஜரைக் கழற்றிப் பார்க்கட்டும். அத்தோடு இரைச்சல் நின்றுவிட்டால் ஆம்பைத் திறக்கத் தேவையில்லை.

கருவிக்குள்ளும் பெடல்களிலும்

உட்குழிக்கு உறை இடுவது பொறுமை மட்டும் வேண்டும் வேலை. கட்டுப்பாட்டுக் குமிழ்கள் இருக்கும் குழி, பிக்கப் குழிகள், மூடியின் உட்புறம் ஆகிய எல்லா இடங்களிலும் காப்பர் டேப்பைச் சிறிது ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு சோல்டர் வைத்து, முழுவதையும் ஒரே கம்பியால் எர்த்தோடு இணைக்க வேண்டும். எந்த இரு மூலைகளுக்கும் இடையிலும் மல்டிமீட்டர் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். ஜாக்கின் உயிர்முனை டேப்பில் படாதபடி அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூடியைத் திருகியதும் ஒலியே வராது. இது மின்புல ரீங்காரத்தைக் குறைக்கும். காந்தப்புல உறுமலைத் தொடாது. இந்த வேறுபாடு தெரியாமல் டேப் ஒட்டி ஏமாந்தவர்கள் நிறைய.

ஆக்டிவ் பேஸில் 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் முதலில் வலுவாக மீட்டும் சுரங்கள் மட்டும் நொறுங்கும். அதை ஸ்பீக்கர் கிழிந்த ஒலி என்று நினைத்துவிடுவது எளிது. கேபிள் செருகியிருக்கும் நேரமெல்லாம் பேட்டரி செலவாகிறது என்பதால் வாசித்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

பெடல்களைப் பொறுத்தவரை, ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக மின்சாரம் எடுப்பதே பெரும்பாலான இரைச்சலுக்கு மூலம். டிஜிட்டல் பெடல் ஒன்று அந்தச் சங்கிலியில் சேர்ந்தால் கீச்சொலியும் சேர்ந்துகொள்ளும். தனித்தனி வெளியீடுகள் கொண்ட பவர் சப்ளைக்குச் செலவிடும் பணம் வேறெந்தப் பெடலுக்குச் செலவிடுவதையும்விடப் பயன் தரும். கம்ப்ரஸர் மெல்லிய ஒலியை ஏற்றும்போது அதனுள் இருக்கும் சீறலையும் ஏற்றும் என்பதால், மிகுதியாகச் சீறும் பெடலுக்குப் பின்னால் அதை வைக்காதீர்கள். நாய்ஸ் கேட்டை நான் கடைசியாகவே பரிந்துரைப்பேன்: பேஸின் நீண்ட சுரம் மெல்லத் தேயும் வாலை அது வெட்டிவிடுகிறது, வாசிக்கும்போதோ இரைச்சலை அப்படியே உள்ளே விடுகிறது.

முன்னோக்கி அமைத்தல்: விரல், தந்தி, கெயின், ஈக்யூ

மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸில், அரிதாகவே மாற்றிய தடித்த ஃபிளாட்வவுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) தந்திகளையும் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு நுரையையும் வைத்து, வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். பாடல்களில் பலவற்றுக்கு அவருடைய பேஸ் ஆம்ப் இல்லாமல் நேரடியாக மிக்சருக்குள் சென்றது. எல்லாரும் தேடும் அந்தத் தொனியில் ஆம்பின் பங்கு எவ்வளவு என்பதை இதிலிருந்தே கணக்கிடலாம். எனவே ஈக்யூவைத் தொடுவதற்கு முன், மீட்டும் கையை நெக் பக்கமாக நகர்த்தினால் தொனி உருண்டு தடிப்பதையும் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தினால் இறுகிக் கூர்மையாவதையும் கேட்டுவிடுங்கள். ரவுண்ட்வவுண்ட் (மேற்பரப்பு சொரசொரப்பான) தந்தியில் விரல் உராயும் சத்தம் தொந்தரவாக இருந்தால், ட்ரெபிளைக் குறைப்பதற்குப் பதிலாகத் தந்தியை மாற்றிப் பாருங்கள். பாஸிவ் பேஸில் கேபிள் நீளமும் தொனியை மாற்றும்: சாதாரணக் கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்பதால், 3 மீட்டர் போதுமான இடத்தில் 10 மீட்டர் போட்டால் மேல்சுரங்கள் மங்கும்.

கெயினை, மாஸ்டரை மூடிவைத்துக்கொண்டு அமைக்க வேண்டும். நீங்கள் மேடையில் வாசிக்கக்கூடிய மிக வலுவான சுரத்தை மீட்டிக்கொண்டே, பீக் விளக்கு மின்னும் வரை கெயினை ஏற்றி, அங்கிருந்து சிறிது இறக்குங்கள். தேவையான சத்தத்தைப் பிறகு மாஸ்டரால் பெறுங்கள். பேஸின் வால்யூமைப் பாதியில் வைத்து ஆம்பின் கெயினை முழுதும் ஏற்றுபவர்கள், சிக்னலைத் தாங்களே மெலிதாக்கிவிட்டுச் சீறலைப் பெருக்கிக்கொள்கிறார்கள். ஆக்டிவ் பேஸுக்கு, வலுவான சிக்னலைத் தணிக்கும் உள்ளீட்டுப் பேட் ஸ்விட்ச் இருந்தால் பயன்படுத்துங்கள்; பாஸிவ் பேஸுக்கு அதே ஸ்விட்ச் அழுத்தப்பட்டிருந்தால் சீறல் தேவையில்லாமல் கூடும்.

இப்போது ஈக்யூ. ஈ தந்தியின் அடிப்படை அலைவெண் 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்திப் பேஸின் பி தந்திக்கு 31 ஹெர்ட்ஸ். பெரும்பாலான பேஸ் பெட்டிகள் அவ்வளவு கீழே வலுவாக ஒலிப்பதில்லை. எனினும் சுரம் நமக்குக் கேட்கிறது, ஏனென்றால் அதன் மேற்சுரங்களைக் கொண்டே காது அடிச்சுரத்தை உருவாக்கிக்கொள்கிறது. 1980-களின் இளையராஜா பாடல்களில் பேஸ் செல்லும் வழியைக் கைக்கடக்கமான டிரான்சிஸ்டர் வானொலியிலேயே நம்மால் பின்தொடர முடிந்தது இதனால்தான். அந்தச் சிறு ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் ஒருபோதும் வெளிவந்திருக்க முடியாது. ஆகவே குழுவோடு வாசிக்கும்போது பேஸ் கேட்கவில்லை என்றால் பேஸ் குமிழை ஏற்றுவது பெரும்பாலும் தவறான வைத்தியம். அந்தக் குமிழை 10 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் பத்து மடங்கு வாட் தர வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கர் கூம்பும் அதன் எல்லைக்குத் தள்ளப்படுகிறது. 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அதே அளவு உயர்கிறது. மாறாக 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை சிறிது குறைத்து, 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை சிறிது ஏற்றினால் சுரத்தின் உருவம் தெளியும். 30 அல்லது 35 ஹெர்ட்ஸில் அமைத்த ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள அலைவெண்களைத் தடுப்பது) இருந்தால் அதைப் போட்டே வையுங்கள்.

வீட்டில் அமைத்த ஈக்யூ மேடையில் பொய்த்துப்போவதற்குக் காதின் இயல்பே காரணம். குறைந்த சத்தத்தில் கீழ்ச்சுரங்கள் நமக்கு விகிதத்துக்கும் குறைவாகக் கேட்கின்றன என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டினர். வீட்டில் மெதுவாக வாசித்து நிறைவு வரும்வரை பேஸை ஏற்றியவர், மேடையில் அதே அமைப்பைச் சத்தமாக வைக்கும்போது மற்றெல்லாவற்றையும் விழுங்கும் முழக்கத்தைப் பெறுகிறார். மேடைக்குப் போனதும் எல்லாக் குமிழ்களையும் நடுநிலைக்குக் கொண்டுவந்து, டிரம்மரோடு சேர்ந்து வாசித்தபடி புதிதாக அமைப்பதே பலன் தரும். தனியாக வாசித்துச் சரிபார்த்த தொனிக்கு மதிப்புக் குறைவு.

பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் ஒரு ஈக்யூதான். ஸ்பீக்கரின் முகம் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சுமார் 86 ஹெர்ட்ஸ் பகுதியை அழித்துவிடும். டி தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலுள்ள எஃப் காணாமல் போவதாக உணர்வீர்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டினால் அந்தப் பள்ளம் மேலே நகர்ந்துவிடும், அதோடு கீழ்ச்சுரங்களும் தடிக்கும். மூலையில் வைத்தால் இன்னும் தடிக்கும், எனவே பேஸ் குமிழை அதற்கேற்ப இறக்க வேண்டும். உள்ளே வெற்றிடமான பலகை மேடை தானும் சேர்ந்து முழங்கும். அங்கே பெட்டிக்கு அடியில் தடித்த நுரைப்பலகை வைப்பது நல்லது. காலடியில் உள்ள பெட்டியின் நடுச்சுரங்கள் உங்கள் முழங்காலுக்கே கேட்கின்றன என்பதால், அதைச் சற்றுச் சாய்த்து முகம் மேல்நோக்கும்படி வைத்தாலே, சத்தத்தைக் கூட்டும் தேவை பல வேளைகளில் இல்லாமல் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் மீதமிருக்கும் சீறலுக்குப் பெட்டியின் பின்புறத்தில் உள்ள ட்வீட்டர் (மேல்சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) குமிழைப் பாருங்கள். ஸ்லாப் (தந்தியைக் கட்டைவிரலால் அடிக்கும் முறை) வாசிக்காதவர்களுக்கு ட்வீட்டர் பாதியளவு திறந்திருந்தாலே அதிகம். ஃபிளாட்வவுண்ட் போட்டவர்கள் முற்றிலும் மூடிவிடலாம். ஆனால் ஒலிப்பதிவுக்கு டி.ஐ. வழியாகச் செல்லும் சிக்னலில் ட்வீட்டர் குமிழுக்கு எந்தப் பங்கும் இல்லை. அங்கே கேட்கும் சீறலைக் கெயினிலும் பெடல்களிலும் கேபிளிலும்தான் தேட வேண்டும். தேடும்போது ஹெட்ஃபோனில் கேளுங்கள், அறையிலுள்ள விசிறியையும் டிம்மரையும் முதலில் நிறுத்திவிடுங்கள்.